நஞ்சுண்ட மண்

கேமரன் மலையின் வடகோடியில் அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பழைய மலைச்சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோலா தெர்லா ஆகிய ஊர்களைக் கடந்து இங்கே வந்து சேர்கிறது. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து புறப்படும் புதிய நெடுஞ்சாலையும் மலையேறி முதலில் தொடுவது இவ்வூரைத்தான். ஒருபுறம் கத்தரித்து விட்டாற்போல் பரந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் பிளாஸ்டிக் கூரைகளின்கீழ் அடுக்கடுக்காக முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும். இவற்றுக்கிடையே தெலோம் ஆறு ஓடுகிறது. காண்போர் கண்ணுக்கு மலையும் பசுமையும் மூடுபனியுமே புலனாகும். ஆனால் இம்மலையின் வரலாற்றில் ஒரு பகுதி கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் நடந்து வருகிறது. அந்த இடம் காலடி மண். ஒரு சிட்டிகை வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. மனிதன் ஆக்கிய நஞ்சுகளை அவற்றுள் சில உணவாகக் கொள்ளக் கற்றுக்கொண்ட வரலாறு அவ்வளவாக அறியப்படாதது.

அரசாங்க நிலஅளவையாளராக இருந்த வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. எனினும் அடுத்த நாற்பது ஆண்டுகள் இம்மலை ஏறத்தாழ அவ்வண்ணமே கிடந்தது. 1920களில்தான் இதனைக் குளிர்வாசத் தலமாகவும் வேளாண்மை நிலமாகவும் வளர்க்க வேண்டும் என்னும் முயற்சி வலுப்பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தேயிலைத் தோட்டத்துக்கு நிலம் பெற்றார். அதனைத் தொடர்ந்து பிறரும் வந்தனர். காடழித்துச் சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பாட்டாளிகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்துவிட்டது. ஆகவே இவர்கள் கங்காணி வழியாகவும் தாமாகவும் வந்தவர்கள். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடுத்தபோது வரத்து நின்றது. வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய காலடியில் இருந்த மண்ணுக்கும் அப்போதுதான் புதிய காலம் பிறந்துகொண்டிருந்தது.

தோட்டத் தமிழில் ஒரு வழக்கு உண்டு. பயிருக்கும் களைக்கும் தெளிக்கப்படும் நஞ்சினை மக்கள் நஞ்சு என்று சொல்வதில்லை, மருந்து என்கின்றனர். பூச்சிக்கு மருந்து, புல்லுக்கு மருந்து, கொசுவுக்கு மருந்து. அதனைத் தெளிக்கும் வேலை 'மருந்தடிக்கிற வேலை'. மலாய்மொழி இவ்வகையில் சற்று நேர்மையானது. அது 'ராச்சுன்' என்று வெளிப்படையாகவே சொல்லும்; 1974ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் அச்சொல்லே முதன்மையாக நிற்கிறது. மருந்து என்னும் சொல் தெளித்தவரின் அச்சத்தைப் போக்கிற்று. அச்சம் போனபின் கையுறையும் முகமூடியும் எதற்கு?

போருக்கு முந்திய காலத்து நஞ்சுகள் பெரும்பாலும் கனிமங்கள். ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சினைட் தெளிக்கப்பட்டது. அது புல்லை மட்டும் கொல்லவில்லை. தொழிலாளர் உயிரையும் குடித்தது. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆர்செனிக் ஒரு தனிமம். தனிமத்தை எந்த நுண்ணுயிராலும் அழிக்க முடியாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றலாம், அவ்வளவே. போருக்குப் பின் வந்த நஞ்சுகளோ வேறு வகையின. அவை கரியும் ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து கட்டப்பட்ட மூலக்கூறுகள். கட்டப்பட்டது எதுவோ அதனைப் பிரிக்கவும் கூடும். இக்கட்டுரையின் பொருளெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அம்மூலக்கூறுகளின் பிறப்பு பழையது; பயன் புதியது. மைக்கேல் பாரடே 1825இலேயே பென்சீனையும் குளோரினையும் சேர்த்து ஒரு பொருளை ஆக்கினார். அதனை ஒரு பூச்சிக்கொல்லி என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். அப்பொருள் ஒரே வடிவினதன்று, பல மாற்றியங்களின் கலவை என்பது பின்னர்த் தெரிந்தது. அவற்றுள் காமா மாற்றியத்தை 1912இல் பிரித்துக் காட்டியவர் வான் டெர் லிண்டன் என்னும் டச்சு அறிஞர். பின்னாளில் லிண்டேன் என்னும் பெயர் அவரை நினைந்தே ஏற்பட்டது. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் இந்தக் காமா வடிவுக்கே உண்டென்பது 1940களில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கமாக்சின் தூள் என்று வழங்கியது இதன் வழிவந்ததே. டி.டி.டி.யின் கதையும் இதைப் போன்றதுதான். 1874இல் ஆக்கப்பட்டது, 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் அதன் கொல்லும் திறத்தைக் கண்டார், 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்பரிசு தகுதியற்றவருக்குக் கிட்டியதன்று. மலாயாவின் தோட்டங்களில் மலேரியா எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை அறிந்தவர் எவரும் டி.டி.டி.யை எளிதில் பழித்தல் இயலாது. ரப்பர்க் காடுகளில் புதிதாக இறங்கிய தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் மடிந்த காலம் ஒன்று இருந்தது. மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர்கள் வடிகால் வெட்டியும் எண்ணெய் ஊற்றியும் கொசுவை எதிர்த்தனர். போருக்குப்பின் டி.டி.டி. அவ்வேலையை விரைவாக்கியது. 1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றபின் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிப்பது முறையான பணியாயிற்று. அதனால் பிழைத்த குழந்தைகள் பலர். நன்றியையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வீட்டுச் சுவரில் அளவோடு தெளிப்பது ஒன்று. வயலில் வாரந்தோறும் கொட்டுவது மற்றொன்று. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி பெரும்பகையாக இருந்தது. அதனைப் பூச்சிக்கொல்லிகளால் அடக்கும் முயற்சி பற்றி 1957இலேயே மலாயா வேளாண்மை இதழில் கட்டுரை வெளிவந்துள்ளது. அடக்கியதாக எண்ணியபோதெல்லாம் அப்பூச்சி அந்நஞ்சுக்குப் பழகிக்கொண்டது. உலகிலேயே டி.டி.டி.க்கு அது பழகிவிட்டதென்ற முதற்செய்தி 1953இல் அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜாவா மலைப்பகுதியிலிருந்து வந்தது. நஞ்சை மாற்றினார்கள், பூச்சியும் தன்னை மாற்றிக்கொண்டது. 1970களின் நடுவில் அதனை உண்டு வாழும் ஒட்டுண்ணிக் குளவியை இம்மலைக்குக் கொண்டுவந்து விட்ட பின்னரே ஓரளவு வழி பிறந்தது.

தேயிலையிலும் இப்பாடம் உண்டு. இலங்கையில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை 1930களில் ஜாவாவிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு குளவி அடக்கி வைத்திருந்தது. பிறகு 1950களில் தண்டு துளைக்கும் வண்டினைக் கொல்ல டீல்டிரின் என்னும் குளோரின் நஞ்சைத் தெளித்தனர். வண்டுடன் குளவியும் மடிந்தது. அடங்கிக் கிடந்த புழு மீண்டும் படையெடுத்தது. சபாவின் கொக்கோத் தோட்டங்களில் 1960களின் தொடக்கத்தில் கோர்டன் கான்வே கண்டதும் இதுவே. அங்கே தெளிப்பதை நிறுத்தியபின்தான் பூச்சிகள் குறைந்தன. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட நூல் உலகத்தை உலுக்கியதற்கு முன்பும் அதே காலத்திலும் நம் பகுதித் தோட்டங்கள் இவ்வுண்மையைத் தம் கைப்பொருள் இழந்து கற்றுக்கொண்டிருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பூச்சிகளுக்கு அடுத்தபடி மண். டி.டி.டி. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. பாதியளவு மறைவதற்கே இரண்டாண்டு முதல் பதினைந்தாண்டு வரை ஆகலாம் என்று குளிர்நாட்டு ஆய்வுகள் கூறின. அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே மண்ணிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து பறவைக்கும், உணவிலிருந்து தாய்ப்பாலுக்கும் ஏறிச் செல்லும். இதனை எவ்வாறு அழிப்பது என்னும் கேள்வி எழுந்தபோது அறிஞர்களிடையே ஒரு சுவையான வழக்கு நடந்தது. இயற்கையில் எந்தக் கரிமப் பொருளையும் உண்ணவல்ல நுண்ணுயிர் எங்கேனும் இருந்தே தீரும் என்று ஒரு சாரார் நம்பினர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் 1965இல் அந்நம்பிக்கையை மறுத்தார். நுண்ணுயிர்களும் தோற்கும், அவற்றுக்கு அடங்காத மூலக்கூறுகள் உண்டு என்றார் அவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருந்ததைப் பின்வந்த வரலாறு காட்டியது.

மண்ணே நஞ்சை உண்ணும் என்பதற்கு முதலில் தெளிவான சான்று தந்தவர்களுள் ஒருவர் லண்டனில் பணிபுரிந்த ஆடஸ் என்னும் தாவரவியலார். அவர் 1949இல் செய்த ஆய்வு எளிமையானது, அழகானது. களைக்கொல்லியாகிய 2,4-டி கலந்த நீரை ஒரு மண்குழாயின் வழியே மீண்டும் மீண்டும் செலுத்தினார். முதற் சில நாள்கள் எதுவும் நிகழவில்லை. நஞ்சு அப்படியே வெளிவந்தது. பின்னர்த் திடீரென்று நஞ்சு மறையத் தொடங்கிற்று. அதே மண்ணில் இரண்டாம் முறை நஞ்சு செலுத்தியபோது காத்திருப்பே இல்லை, வந்தவுடன் மறைந்தது. வேதிவினை மட்டுமே காரணமாயின் இரண்டு முறையும் ஒரே வேகத்தில் நடந்திருக்க வேண்டும். மண் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதாவது அதனை உண்ணத்தெரிந்த சிலவகை நுண்ணுயிர்கள், முதலில் ஒன்றிரண்டாக இருந்தவை, உணவு கிடைத்ததும் பல்கிப் பெருகிவிட்டன. உரிய உணவை மட்டும் வைத்து அதற்குரிய உயிரை வரவழைக்கும் இம்முறையை நெதர்லாந்தின் பெயெரிங்க் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்திருந்தார்.

லிண்டேன் பற்றிய வெளிச்சம் நெல்வயலிலிருந்து பிறந்தது. பிலிப்பைன்சின் லாஸ் பானியோசில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகு, மக்ரே ஆகிய இருவர் நீர் தேங்கிய வயல்மண்ணில் காமா பி.எச்.சி. மறைவதை 1966இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்ட மண்ணில் அது மறையவில்லை. உயிருள்ள மண்ணில் மறைந்தது. இரண்டாம் முறை இன்னும் விரைவாக மறைந்தது. 1969இல் அம்மண்ணிலிருந்தே காற்றில்லாச் சூழலில் வாழும் கிளாஸ்டிரிடியம் இன நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அதே நிலையத்தில் ஆய்வு செய்தவர்களுள் என். சேதுநாதனும் ஒருவர். அவர் பின்னர் ஒரிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, நீர் தேங்கிய மண்ணில் பூச்சிக்கொல்லிகளின் கதி என்னும் துறைக்கே அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக விளங்கினார். 1990இல் அவரும் சாகு முதலிய உடன் ஆய்வாளர்களும், கரும்பின் வேரடி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர், காற்றோட்டமுள்ள நிலையிலும் ஆல்பா, பீட்டா, காமா ஆகிய மூன்று மாற்றியங்களையும் சிதைப்பதாக அறிவித்தனர். பீட்டாவையும் சிதைக்கிறது என்பதே அதில் வியப்பு.

ஏன் வியப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். இம்மூலக்கூறு ஆறு கரியணுக்களால் ஆன ஒரு வளையம். ஒவ்வொரு கரியணுவிலும் ஒரு குளோரின் தொங்குகிறது. ஆறுபேர் கைகோத்து வட்டமாக நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு மூட்டை; சிலர் மேலே தூக்கியிருக்கின்றனர், சிலர் கீழே தொங்கவிட்டிருக்கின்றனர். மேல், கீழ் என்னும் வரிசை மாறினால் மாற்றியம் மாறும். ஆட்கள் அதே அறுவர், மூட்டைகள் அதே ஆறு, குணம் வேறு. பீட்டாவில் ஒருவர் மேலே, அடுத்தவர் கீழே என முறை தவறாது மாறிமாறி நிற்கின்றனர். அந்த ஒழுங்கினால் குளோரினை எளிதில் பிடுங்க முடிவதில்லை. ஆகவே மனித உடலிலும் மண்ணிலும் மற்ற மாற்றியங்கள் போனபின்பும் பீட்டா தங்கிவிடுகிறது.

கட்டாக்கில் கண்ட அந்நுண்ணுயிரின் வழிவந்த பி90ஏ என்னும் இனத்தைத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லாலும் அவர் மாணவர்களும் பல்லாண்டு ஆராய்ந்தனர். ஜப்பானிலும் பிரான்சிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் தனித்தனியே கண்டெடுக்கப்பட்டிருந்தன. 2005இல் மூன்றுக்கும் முறையே ஸ்பிங்கோபியம் இண்டிகம், ஜப்பானிகம், பிரான்சென்ஸ் எனப் பெயரிடப்பட்டது. நஞ்சை உண்ணும் கலையைத் தரும் மரபணுக்களுக்கு லிண்டேன் பெயராலேயே 'லின்' என்று பெயர். அவற்றுள் முதலாவதாகிய லின்-ஏ 1991இல் டோக்கியோவில் பிரித்தறியப்பட்டது. அது ஆக்கும் நொதி, மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் சேர்த்து உருவியெடுக்கிறது. லின்-பி ஆக்கும் நொதியோ குளோரினை நீக்கிவிட்டு அதனிடத்தில் நீரின் கூறு ஒன்றைப் பொருத்துகிறது. மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கியபின் வளையம் உடைகிறது. எஞ்சுவன கரியமிலவாயு, நீர், உப்பில் உள்ள அதே குளோரைடு. ஆலகாலத்தை உண்ட இறைவனுக்கும் நஞ்சு கண்டத்தோடு நின்றதேயன்றி மறையவில்லை. இந்த உயிரோ, காமாவைப் பொறுத்தவரை, உண்டதைச் சுவடின்றிச் செரித்துவிடுகிறது. பீட்டாவில் மட்டும் ஓரிரு குளோரின் கழன்றபின் பெரும்பாலும் பாதிவழியில் நின்றுவிடுகிறது.

1940களுக்கு முன் எந்த மண்ணிலும் இல்லாத ஒரு பொருளை உண்ணும் கலையை இவை எவ்வாறு கற்றன? குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் முற்றிலும் மனிதப் படைப்பு என்பது பழைய எண்ணம். கடற்பாசிகளும் காளான்களும் மண்ணுயிர்களும் ஆயிரக்கணக்கான அத்தகைய பொருள்களைத் தாமே ஆக்குகின்றன என்பது இப்போது தெரிந்த செய்தி. குளோரினைக் கழற்றும் கருவிகள் அந்தப் பழைய வாழ்க்கையிலிருந்து வந்தவையாகலாம். மேலும் லின் மரபணுக்களின் இருமருங்கும் ஐ.எஸ்.6100 என்னும் இடம்பெயரும் மரபுக்கூறு பல நாட்டு இனங்களிலும் காணப்படுகிறது. தாவும் இயல்புடைய அக்கூறு, ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு இக்கலையைச் சுமந்து சென்றிருக்க வேண்டும். ஆசிரியர் மாணவருக்குக் கற்பிப்பது போலன்று. ஒருவர் குறிப்பேட்டின் ஏட்டைக் கிழித்து இன்னொருவர் தம் ஏட்டில் ஒட்டிக்கொள்வது போல.

இயற்கை கற்கும்வரை காத்திராமல் மனிதனே கற்பித்த நிகழ்ச்சியும் உண்டு. அதற்கு மலாயாவோடு ஒரு கசப்பான தொடர்பும் உண்டு. அவசரகாலத்தில், 1952ஆம் ஆண்டில், பிரிட்டிஷார் பதுங்கித் தாக்குதலைத் தடுக்கவெனச் சாலையோரக் காடுகளில் 2,4,5-டி, 2,4-டி ஆகியவற்றின் கலவையைத் தெளித்தனர். பின்னாளில் வியட்நாமில் பெருமளவில் கொட்டப்பட்ட கலவைக்கு மலாயாச் சாலையோரம் ஒரு முன்னோட்டமாயிற்று. இவற்றுள் 2,4-டி மண்ணில் விரைவாகச் சிதையும்; ஒரு குளோரின் கூடுதலாக உள்ள 2,4,5-டி நெடுநாள் நிற்கும். அமெரிக்காவில் பணிபுரிந்த வங்காள அறிஞர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயை உண்ணும் நுண்ணுயிருக்குக் காப்புரிமை கேட்டு 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் வென்றவர். அவர் குழுவினர் கழிவுமண்ணில் எடுத்த நுண்ணுயிர்களையும் பலவகைப் பிளாஸ்மிட்டுகளையும் ஒரே கலத்தில் இட்டு, உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து 2,4,5-டியை மிகுத்துப் பல மாதங்கள் வளர்த்தனர். 1980களின் தொடக்கத்தில் அதையே முழு உணவாகக் கொள்ளும் ஓர் இனம் அக்கலத்தில் உருவாயிற்று. பட்டினியே அங்கு ஆசிரியர்.

இவ்வளவும் கேட்டபின் மண்ணை நம்பி நஞ்சைத் தொடர்ந்து தெளிக்கலாம் என்று ஒருவர் முடிவு கட்டினால் அது பெரும்பிழை. தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய அறிஞர்களும் சேர்ந்து செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயலில் பி.எச்.சி. தெளித்து அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்திருந்தது. வெப்பநாட்டு மண் விரைவில் தூய்மையாகிறது என்பது மெய். ஆனால் அத்தூய்மையில் நுண்ணுயிரின் பங்கைக் காட்டிலும் வெயிலின் பங்கு பெரிது. ஆவியான நஞ்சு அழியவில்லை. குளிர்ந்த இடத்தில் மீண்டும் படிகிறது. மலைகள் குளிர்ந்த இடங்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கம்போங் ராஜாவின் மண்ணும் நுண்ணுயிருக்கு எளிய களம் அன்று. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. பெரும்பாலான மண் பாக்டீரியாக்களோ நடுநிலை மண்ணில்தான் செழிக்கும். குளிர் அவற்றின் வேலையை மேலும் மந்தமாக்கும். சமவெளியில் மாதங்களில் முடியும் வேலைக்கு இங்கே காலம் கூடும். அதற்குள் பெருமழை சரிவு மண்ணையே அடித்துச் சென்றுவிடும். 2010களில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரன் மலை ஆற்றுநீரில் தடைசெய்யப்பட்ட குளோரின் நஞ்சுகளின் எச்சங்களைக் கண்டதாக வெளியிட்டபோது மலைமக்கள் அதிர்ந்தனர். மலேசியா டி.டி.டி.யை 1999இலும் எண்டோசல்பானை 2005இலும் தடைசெய்திருந்தது. சட்டம் விற்பனையை நிறுத்தும். முன்பே மண்ணில் விழுந்ததை நிறுத்தாது.

வளர்த்த நுண்ணுயிரைக் கொண்டுபோய் நஞ்சுமண்ணில் விட்டால் என்ன என்னும் கேள்விக்கு லக்னோவை அடுத்த உம்மரி என்னும் சிற்றூரில் விடை தேடினர். லிண்டேன் ஒரு டன் ஆக்கினால் எட்டு முதல் பன்னிரண்டு டன் வரை பயனற்ற மாற்றியங்கள் கழிவாகும். உலகெங்கும் இவ்வாறு குவிந்தது நாற்பது முதல் எழுபது இலட்சம் டன் என மதிப்பிடப்படுகிறது. உம்மரி அத்தகைய கழிவு கொட்டப்பட்ட இடங்களுள் ஒன்று. ரூப் லால் குழுவினர் பி90ஏ நுண்ணுயிரை மக்காச்சோளத் தக்கையில் ஏற்றி அம்மண்ணில் கலந்தனர். நஞ்சு வெகுவாகக் குறைந்தது. ஆனால் விட்ட உயிர்களின் எண்ணிக்கையும் சில நாள்களிலேயே சரிந்தது. மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. கூண்டில் வளர்ந்த கிளி காட்டில் பிழைப்பதில்லை என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பாக்டீரியாவும் அப்படியே. லிண்டேன் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது, இந்தியா பி.எச்.சி.யை 1997லேயே நிறுத்திவிட்டது. குவியல்கள் பல இன்னும் கிடக்கின்றன.

மனித உடலில் சேர்ந்ததைச் செரிக்க ஸ்பிங்கோபியம் வருவதில்லை. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தொட்டியும் கையில் குழாயுமாக நாள்தோறும் நடந்தவர்கள் அவர்கள். ஐரீன் பெர்னாண்டசின் தெனாகானித்தா இயக்கமும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பொன்றும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, அப்பெண்களின் மூக்கு இரத்தக் கசிவையும் கண்ணெரிச்சலையும் கழலும் நகங்களையும் நாட்டின் முன் வைத்தது. அவ்வாய்வில் முதன்மையாகப் பேசப்பட்ட பாராகுவாட் குளோரின் ஹைட்ரோகார்பன் வகையைச் சேர்ந்ததன்று. மண்ணில் களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் வேறொரு நஞ்சு. ஆயினும் தெளித்த கைகள் அதே கைகள். 2020ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்துதான் மலேசியாவில் அதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பள்ளிகளில் படித்து முன்னேறிய பலருடைய பள்ளிக் கட்டணம் அந்தத் தொட்டியைச் சுமந்த முதுகிலிருந்து வந்ததாகும். இதனை எழுதும்போது மருந்து என்னும் சொல்லைக் கையாளத் தயங்குவதே முறை.

மழையில் கரைந்த மலைமண் எங்கே போகிறது என்பது கதையின் மறுபாதி. தெலோம் ஆறு இயற்கையில் கிழக்கே சென்று ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலப்பது. 1963இல் நிறைவேறிய கேமரன் மலை நீர்மின் திட்டம் அதன் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டது. ஆகவே கம்போங் ராஜாச் சரிவுகளில் அரித்த மண்ணும் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரியை நாடி வரக்கூடும். அந்த ஏரி எதிர்பார்த்ததைவிட விரைவில் சேற்றால் நிரம்பி வருவது நாடறிந்த செய்தி. 2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டுப் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தபின் அது எல்லோர் பேச்சிலும் அடிபட்டது.

ஏரியின் அடிச்சேற்றில் காற்று இல்லை. அங்கே ஸ்பிங்கோபியம் வாழாது. வேறு வகை உயிர்கள் வாழும். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றுச் சேற்றில் மின்மாற்றி எண்ணெயில் இருந்த குளோரின் நஞ்சு காற்றின்றியே குளோரினை இழந்துவருவது 1987இல் கண்டறியப்பட்டது. 1997இல் கார்னெலில் ஸ்டீபன் சிண்டரின் குழு சாக்கடைக் கழிவிலிருந்து டிஹலோகாக்காய்டிஸ் என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தது. நாம் உயிர்க்காற்றைச் சுவாசிப்பதுபோல் அது குளோரின் சேர்மங்களைச் சுவாசிக்கிறது. குளோரின் இல்லாவிடில் அதற்கு வாழ்வே இல்லை. நெல்வயலின் கிளாஸ்டிரிடியம் செய்ததும் ஏறத்தாழ இத்தகைய காற்றற்ற வேலையே. ஆனால் காற்றற்ற இடத்தில் டி.டி.டி. ஓரிரு குளோரினை இழந்து வேறொரு பெயரில் நின்றுவிடுவதே பெரும்பாலும் நிகழ்வது. மிகுதி வேலைக்குக் காற்று வேண்டும்.

ரிங்லெட் ஏரியின் சேறு இயந்திரங்களால் வாரப்பட்டுக் கரைமேல் ஒதுக்கிடங்களில் கொட்டப்படுகிறது. வாரிய சேறு சில நாள்கள் கறுத்து நாறும். பிறகு வெயிலில் உலர்ந்து வெடித்து, வெடிப்பின் வழியே காற்று உள்ளே இறங்கும்.